கமருன்னிஸாவும் என் நாயும்

கமருன்னிஸாவைப் பற்றி நான் எழுதினால் அது நடுநிலையாக இருக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவள்மேல் பொறாமை. இன்று நேற்று வந்த பொறாமை இல்லை. இருபத்தோரு வருஷமாக ஒரு கிளுவை வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வளர்த்தது. அவள் வீட்டு முருங்கை கொத்துக் கொத்தாகக் காய்க்கும். என் வீட்டு முருங்கையில் கம்பளிப்பூச்சிதான் வரும். ஒரே மண், ஒரே தண்ணீர். இதற்கு எந்த வேளாண்மை ஆபீஸரிடமும் பதில் கிடையாது.

என் பெயர் ரோஸ்லின். மயிலாடுதுறையிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வயலுக்கு நடுவே வந்தால் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரர் காலமாகி எட்டு வருஷம் ஆகிறது. ஒரே மகன் லியோ, பெங்களூரில் வேலை பார்த்தான், இப்போது அயர்லாந்தில் இருக்கிறான்.

கமருன்னிஸா தையல்காரி. பத்தொன்பது வயதில் எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்தாள். வந்த ஆறாவது மாசம் அவள் புருஷன் அப்துல் ரஹ்மான் சவுதிக்குப் போனார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார், இரண்டு மாசம் இருப்பார், போய்விடுவார். மாமியார் மூன்று வருஷம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். மகள் ஷமீரா திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஆக, வேலிக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி தனியாக, இந்தப் பக்கமும் ஒருத்தி தனியாக. ஆனால் அவள் தனியாக இருப்பது போலவே இருக்காது. கொல்லைப்பக்கத் தாழ்வாரத்தில் மெஷினைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, காலையிலிருந்து சாயங்கால அஸர் பாங்கு வரைக்கும் ஏதாவது ஒரு ரவிக்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். பெண்கள் வருவார்கள், போவார்கள். எல்லாருக்கும் அவளைப் பிடிக்கும். எனக்கும்கூட அவள் தைத்த ரவிக்கைதான் பிடிக்காமல் பிடிக்கும், வேறு யார் தைத்தாலும் கைக்குழி இழுக்கும்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். நாய் விஷயத்தில்தான் என்னால் முடியவில்லை.

போன வருஷம் பிப்ரவரியில் லியோ காரை எடுத்துக்கொண்டு வந்தான். பின்சீட்டில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு முழ நீளத்தில் ஒரு நாய். வெள்ளை உடம்பு, ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் செம்மண் நிறம், பாதி மடிந்த காது. ஜாக் ரஸ்ஸல் டெரியர் என்றான். பேர் ரஸ்டி.

"ஆறே மாசம்மா. அங்க வீடு செட்டானதும் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றான்.

ஆறு மாசம் பதினாறு மாசம் ஆகிவிட்டது. அதைப் பற்றி நான் கேட்பதில்லை. நாயை அனுப்பிவிட்டால் வாரத்துக்கு மூன்று முறை வருகிற வீடியோ கால் ஒன்றாகக் குறைந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

போகும்போது லியோ ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினான். சிட், ஸ்டே, கம், நோ, டவுன், கோ, ஈட், லீவ் இட், குட் பாய். மொத்தம் ஒன்பது. "இவனுக்கு இங்கிலீஷ்தாம்மா தெரியும். வேற பாஷையில பேசிக் குழப்பிடாதீங்க" என்றான். எனக்கு அதில் ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. எங்கள் பக்கத்தில் சீமை நாய் வளர்க்கிற எல்லாரும் அப்படித்தான். பசுவோடு தமிழில் பேசுவோம், ஆட்டைத் தமிழில் விரட்டுவோம், தெருநாயைத் தமிழில் திட்டுவோம். நெல் மண்டிக்காரர் வீட்டில் ஒரு லாப்ரடார் இருக்கிறது. அவர் மனைவி கலெக்டரே வந்தாலும் "வாங்க, மோர் குடிக்கிறீங்களா" என்றுதான் கேட்பாள், அந்த நாயிடம் மட்டும் "கம் ஹியர், டோன்ட் டூ" என்பாள். ஆகவே நானும் ஒன்பது வார்த்தையை மனப்பாடம் செய்தேன்.

அந்த நாயை வளர்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆறரை கிலோதான் எடை, ஆனால் ஒரு ஜோடி உழவு மாட்டுக்கான வேகம் உள்ளே இருக்கிறது. காலையில் வெயில் ஏறுவதற்குள் வரப்பில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. நடந்து வந்தால் விரலிடுக்கு, காதுமடல், வாலடி எல்லாம் விரலால் தடவி உண்ணி பார்க்க வேண்டும். மயிர் கட்டைதான், ஆனால் நாற்காலி, தலையணை, பைபிள் அட்டை என்று எல்லாவற்றிலும் குத்திக்கொண்டு நிற்கும். வாரம் ஒரு முறை சீப்பால் நாற்பது வாரு வாருவேன். உப்பு, வெங்காயம் இல்லாமல் கோழியும் சோறும் வேக வைப்பேன். மாட்டாஸ்பத்திரி டாக்டர் பூச்சி மருந்துக்கு எடை கேட்டார். சொன்னேன். "ஆறரையா? இதுக்கு மாத்திரையை ஒடைக்கணுமே" என்று சிரித்தார், ஆனாலும் சிரத்தையாக நாலாக உடைத்துக் கொடுத்தார்.

அதோடு அது எலிக்கென்றே பிறந்த சாதி. வரப்பில் எலி வளை கண்ணில் பட்டுவிட்டால் தலை உள்ளே, வால் வெளியே. மண்ணை வாரி என் முகத்தில் அடிக்கும். அப்போது "லீவ் இட்" என்று நான் கத்துவதை அது காதில் போட்டுக்கொண்டதே இல்லை. இவ்வளவும் செய்கிறவள் நான். இரவில் என் கால்மாட்டில்தான் படுக்கும், காய்ச்சல் வந்தால் என் மடியில்தான் நடுங்கும். இதை எழுதி வைக்கிறேன், யாராவது படித்து நியாயம் சொல்லட்டும்.

வந்த மூன்றாம் நாளே ரஸ்டி வேலிக்கடியில் தோண்டி ஓட்டை போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. நான் பதறிப்போய் வேலியோரம் நின்று கூப்பிட்டேன். கமருன்னிஸா காலை மேலே தூக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நாங்க மார்க்கத்துல ஷாஃபி வழி. நாய் ஈரமா மேல பட்டுச்சுன்னா ஏழு தடவ கழுவணும், அதுல ஒரு தடவ மண்ணு கரைச்சுக் கழுவணும். தொழுகைக்கு ஆவாது. அதுக்குத்தான். வெறுப்பெல்லாம் இல்ல" என்றாள்.

"நான் கூட்டிக்கிறேன்" என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இந்த ஒரு விஷயத்திலாவது இவள் எனக்குப் போட்டிக்கு வர முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பு ஒரு மாசம்கூடத் தாங்கவில்லை. காலை நடை முடிந்து, சாப்பிட்டு முடித்ததும் ரஸ்டி ஓட்டை வழியாகப் போய்விடும். பத்து மணிக்குப் போனால் ஒரு மணிக்குத்தான் வரும். கூப்பிட்டால் வராது. நான் "கம், ரஸ்டி, கம்" என்று தொண்டை வற்றக் கத்துவேன். பதிலுக்கு அங்கிருந்து தையல் மெஷின் சத்தம்தான் கேட்கும். வந்தால் நேராகத் தண்ணீர் குடிக்கும், என்னை ஒரு பார்வை பார்க்கும், படுத்துவிடும். ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வருகிற ஆம்பிளை போல. சமைப்பவள் நான், உண்ணி எடுப்பவள் நான், அவளோ தொடக்கூட மாட்டாள். அப்படியிருக்க அங்கே என்ன வேலை?

ஒரு வருஷத்துக்குமேல் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏதோ போடுகிறாள் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் ஆட்டுக்கறி. எலும்பு போடுகிறாள், வேறென்ன? கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று என் வீட்டுக் குளியலறைச் சுவரோரம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, வேலி இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வயதில் இப்படி வாளிமேல் உட்கார்ந்து ஒளிந்து பார்க்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

ரஸ்டி ஓட்டை வழியாக நுழைந்தது. கமருன்னிஸா தலையைத் தூக்காமலே, "வாங்க சின்னவரே. ஏன் இன்னைக்கு இவ்வளவு நேரம்? அங்கேயே உக்காருங்க, சிமெண்டு மேல ஏறக்கூடாது" என்றாள்.

அது உட்கார்ந்தது. தாழ்வாரத்துச் சிமெண்டுத் தரை எங்கே தொடங்குகிறதோ, சரியாக அந்த விளிம்புக்கு வெளியே, மண்ணில். தாடையை மட்டும் மண்ணில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தது. அவள் ஒன்றும் போடவில்லை. தைத்துக்கொண்டே பேசினாள். அவ்வளவுதான், பேசினாள். நாயிடம், தமிழில். விவரம் கெட்டவள், அதுக்கு என்ன புரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எலும்பு நாளைக்கு விழும் என்று அடுத்த நாளும் உட்கார்ந்தேன். அதற்கடுத்த நாளும். எலும்பு விழவில்லை, எனக்குத்தான் அந்த வாளி பழகிப்போனது. ஒரு மாசத்துக்குமேல் உட்கார்ந்தேன். கமருன்னிஸாவை எனக்குத் தெரியும் என்று இருபத்தோரு வருஷம் நினைத்திருந்தேன். அந்த வாளியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தது.

அவள் நர்ஸுக்குப் படிக்க ஆசைப்பட்டவள். மச்சான் அடுத்த நோன்புக்கு மொத்தமாக வந்துவிடுவேன் என்று சொல்லி மூன்று நோன்பு போய்விட்டது. மச்சான் என்றால் அவள் புருஷன், அப்படித்தான் கூப்பிடுவாள். அவருக்குப் போனில் பேச வராது. "சாப்டியா, மழை உண்டா, சரி வைக்கிறேன்" என்பதோடு சரி. மாமியார் கடைசி மாசத்தில் இவளைத் தன் அம்மா என்று நினைத்துக்கொண்டு மடியில் படுத்துக்கொள்வாராம். இதையெல்லாம் அவள் அழுது சொல்லவில்லை. ஊசியில் நூல் கோக்கும்போது நிறுத்துவாள், கோத்ததும் தொடருவாள்.

ஒரு நாள், "எனக்கு ஷமீராவுக்கு முன்னாடி ஒரு ஆம்பளப் புள்ள பொறந்துச்சு சின்னவரே. எட்டு நாளு இருந்துச்சு. ஆஸிம்னு பேரு வச்சோம். மச்சான் போட்டோவுலகூடப் பாக்கல" என்றாள்.

எனக்கு அந்த வருஷம் நினைவிருந்தது. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். குறைப்பிரசவம் என்று தெருவில் சொன்னார்கள். நான் ஒரு ரொட்டி பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போய், "உடம்பு தேவலையா" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் சத்துணவு முட்டை வந்துவிட்டது என்று கிளம்பிவிட்டேன். எட்டு நாள் இருந்தான் என்பதும், பேர் இருந்தது என்பதும் எனக்குத் தெரியாது.

அன்றைக்கு எனக்குப் பொறாமை இரண்டு பக்கமும் திரும்பியது. என் நாயை அவள் எடுத்துக்கொண்டாள் என்று அவள்மேல். அவள் என்னிடம் சொல்லாததை அதனிடம் சொன்னாள் என்று நாய்மேல். பக்கத்து வீட்டில் இருபத்தோரு வருஷம் குடியிருப்பவள் நான். எனக்கும் காது இருக்கிறது, அதைவிடப் பெரிய காதுதான்.

வெடித்தது இந்த வருஷம் ஜூன் மாசத்தில். அன்றைக்கு அவள் புருஷன் முதல் முறை சவுதிக்குப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஆறு மாசம், திருச்சி ஏர்போர்ட், வாசல் வரைக்கும் போன கூட்டம். நானும் வாளியில் முன்னால் சாய்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து யாரோ முன்வாசலில் கூப்பிட, கதை பாதியில் நின்றது. திரும்பி வந்தவள் வேறு எங்கோ போய்விட்டாள்.

"ஒங்கம்மா பாவம் சின்னவரே" என்றாள். "பேசத் தெரியாதவங்க இல்ல. சத்துணவுல இருந்தப்ப அவங்க கொரலு தெருமுனை வரைக்கும் கேக்கும். ஒங்ககிட்ட மட்டும் ஏன் பரீட்சை எழுதுற மாதிரி பேசுறாங்க?"

பாவமாம். நான் பாவமாம்! வாளி உருண்டது. வேலியைச் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக் கொல்லைக்குப் போய்விட்டேன்.

"என் நாய்க்கு என்ன போடுற நீ?" என்றேன்.

"என்னக்கா?"

"ஆட்டெலும்புதான போடுற? டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. தொட மாட்டேன், ஏழு தடவ கழுவணும்னு வாய் கிழியப் பேசிட்டு, பின்பக்கமா எலும்பப் போட்டு மயக்கி வச்சிருக்கியே, இது நல்லாருக்கா?"

அது பொய் என்று எனக்குத் தெரியும். ஒரு மாசம் உட்கார்ந்து பார்த்தவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் சொன்னேன். உண்மையைச் சொன்னால் வாளியைச் சொல்ல வேண்டும்.

அவள் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "ஒரு பருக்கை போட்டதில்லக்கா" என்றாள். பிறகு, "அனுப்பாதீங்க. எனக்கும் வேலை கெடக்கு" என்றாள். முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை.

அன்று மத்தியானமே ஓட்டையில் செங்கல்லை அடுக்கி, அதன்மேல் கருவேல முள்ளை வெட்டிப் போட்டேன். ரஸ்டி முள்ளுக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. "ஈட்" என்றேன். "குட் பாய்" என்றேன். ஒன்பது வார்த்தையையும் முன்னும் பின்னுமாகச் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பக்கம் மெஷின் ஓடியது, பேச்சுச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் நாங்கள் ஒருவருக்கொருவர் முகம் பார்க்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலை பால் வாங்கக் கேட்டைத் திறந்தேன். ரஸ்டி என் காலிடுக்கில் புகுந்து வெளியே ஓடியது. நான் செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினேன். வாய்க்கால் வரைக்கும் அதன் வால் தெரிந்தது. வாய்க்கால் அப்போது காய்ந்து கிடந்தது. ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போக ஒரு சிமெண்டுக் குழாய் பதித்திருக்கிறார்கள், பாதிக்கு மேல் வண்டல் அடைத்துக் கிடக்கும். குழாய் வாயில் ஒரு பெருச்சாளி நுழைந்தது. அதன் பின்னாலேயே என் நாயும் நுழைந்தது.

குனிந்து பார்த்தேன், இருட்டு. உள்ளே எங்கோ குரைப்புச் சத்தம், பிறகு ஒரு வீல் என்ற கத்தல், பிறகு மறுபடியும் குரைப்பு. எதிலோ மாட்டிக்கொண்டது என்று புரிந்தது.

"கம்! ரஸ்டி, கம்! லீவ் இட்!" என்று கத்தினேன்.

அந்த நேரத்தில்தான் லஸ்கர் மொபெட்டில் வந்து நின்றார். வாய்க்கால்களில் ஷட்டரைத் திறந்து மூடுகிற ஆள். "தள்ளுங்கம்மா, மேட்டூர்த் தண்ணி வாய்க்கால் தலைப்புக்கு வந்தாச்சு. தொறந்துட்டுத்தான் வர்றேன். இன்னும் அரைமணியில இங்க வந்துரும்" என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். போன் போட்டு ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். "அதுக்கு மேல என்னால முடியாதும்மா. கடைமடையில எல்லாரும் நாத்தங்காலுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க. கூப்புடுங்க, வந்துரும்" என்றார்.

கூப்பிட்டேன். என் சத்தம் ஏற ஏற அதன் குரைப்பும் ஏறியது. நான் கத்தக் கத்த, பெருச்சாளியைப் பிடி என்று உசுப்பேற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ, இன்னும் உள்ளே போவதுபோல் இருந்தது. வாய்க்கால் தரையில் நாக்கு அகலத்துக்கு ஒரு தண்ணீர்க் கோடு நுரையைத் தள்ளிக்கொண்டு வந்தது. என் கால்விரலைத் தொட்டது.

அதுவரைக்கும் எனக்கு ரோஷம் இருந்தது. தண்ணீர் பட்டதும் போய்விட்டது. வெறுங்காலோடு ஓடினேன். கமருன்னிஸா ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"கமரு, அது குழாய்க்குள்ள மாட்டிக்கிச்சு. தண்ணி வருது. நான் கூப்டா வர மாட்டேங்குது. நீ வந்து கூப்புடு" என்றேன். மூச்சு வாங்கியது. "எலும்பு போடலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். வாம்மா."

காக்க வைப்பாள், ஒரு வார்த்தை கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூட எடுக்காமல், துப்பட்டியைத் தலையில் இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள்.

குழாய் வாய்க்குள் விரலளவுத் தண்ணீர் போக ஆரம்பித்திருந்தது. அவள் அந்தச் சேற்றில் குப்புறப் படுத்தாள். கத்தவில்லை. உள்ளே பார்த்து, தாழ்வாரத்தில் பேசுகிற அதே குரலில் பேசினாள்.

"சின்னவரே, நாந்தான். அங்க என்ன பண்றீங்க? ஏர்போர்ட் வாசல் வரைக்கும் சொன்னேன்ல, மீதி கேக்க வேணாமா?"

குரைப்பு நின்றது. லஸ்கர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை.

"எல்லாரும் அழுதாங்க. எனக்கு அழுகை வரல. மாமி ஒரு மாதிரியாப் பாத்தாங்க. அவர் உள்ள போனாரு. கண்ணாடிக் கதவு. திரும்பிப் பாத்திருப்பாருன்னு நானும் பாத்துக்கிட்டே நிக்கிறேன். அந்தக் கண்ணாடியில என் மூஞ்சிதான் தெரியுது. அவர் திரும்பிப் பாத்தாரா இல்லையான்னு இன்னைய வரைக்கும் தெரியாது. கேக்கவுமில்ல. மெதுவா வாங்க, அவசரமில்ல. மெதுவா."

தண்ணீருக்கு அவசரம் இருந்தது. அவள் முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது. உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்டது. முதலில் அந்தச் செம்மண் கண் தெரிந்தது, பிறகு மூக்கு. ஒரு கை தூரத்தில் வந்து நின்றுவிட்டது. பின்னங்காலில் பழைய நைலான் வலை சுற்றியிருந்தது, அதன் மறுமுனை எங்கோ வேரில் மாட்டியிருந்தது. என் கை குட்டை, எட்டவில்லை. கமருன்னிஸா இரண்டு கையையும் தோள் வரைக்கும் குழாய்க்குள் விட்டு, அதை அள்ளிப் பிடித்து இழுத்தாள். யோசித்ததாகவே தெரியவில்லை. வலை அறுந்தது. நனைந்த நாய் நேராக அவள் நெஞ்சில் வந்து விழுந்தது, முகம், காது, துப்பட்டி என்று நக்கித் தீர்த்தது.

லஸ்கர் போனை எடுத்து, "தொறங்கப்பா" என்றார்.

வழி முழுக்க அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் பக்கத்தில் நடந்தேன். கையை நீட்டினேன், அவள் கொடுக்கவில்லை. அவள் வீட்டுக் கொல்லையில் அடிபம்பை அடித்து வாளியை நிரப்பினேன். முருங்கையடியில் சுத்தமான மண்ணாகப் பார்த்து ஒரு கை அள்ளி ஒரு டப்பாவில் கரைத்தேன். அவள் முதல் நாள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஏழு தடவை, அதில் ஒன்று மண். குவளையில் தண்ணீர் மொண்டு, "கைய நீட்டு கமரு, நான் ஊத்துறேன்" என்றேன்.

அவள் கையை நீட்டவில்லை. துணிக்கல்லில் உட்கார்ந்திருந்தாள், ரஸ்டி அவள் மடியில் கிடந்தது.

"கொஞ்சம் இருங்கக்கா" என்றாள். "எப்புடியும் கழுவத்தான போறேன்."

அவள் அதன் தலையைத் தடவினாள். மடிந்த காதை நிமிர்த்திப் பார்த்து, விட்டு, மறுபடியும் நிமிர்த்தினாள். செம்மண் கண்ணைச் சுற்றி ஒரு விரலால் வட்டம் போட்டாள். விரலிடுக்கு ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தாள். முதுகைக் கழுத்திலிருந்து வால் வரைக்கும் நீவினாள், வால் வந்ததும் மறுபடியும் கழுத்துக்குப் போனாள். பதினாறு மாசமாக ஒரு சிமெண்டு விளிம்புக்கு அப்பால் பார்த்துக்கொண்டே இருந்ததையெல்லாம் ஒரே நாளில் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பதுபோலத் தொட்டாள். அது கண்ணை மூடிக்கொண்டது. என் மடியில் அப்படி ஒரு நாளும் மூடியதில்லை.

"எவ்ளோ மெத்துனு இருக்கு" என்றாள். "ஒங்களுக்கென்னக்கா, நீங்க தெனம் தொடலாம்."

எனக்கு வயிறு எரிந்தது. எரியவில்லை என்று எழுதினால் இதுவரைக்கும் எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். அது என் நாய். அவள் இரண்டாவது முறை கழுத்துக்குப் போனபோது எண்ணினேன், மூன்றாவது முறையும் எண்ணினேன். அதற்குமேல் எண்ணவில்லை. குவளையில் மொண்டிருந்த தண்ணீரைத் திரும்ப வாளியிலேயே ஊற்றிவிட்டு, அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றேன்.